தனித்துப்போன முத்துவுக்கு யார் துணை?

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். சொந்த இடம் யாழ்ப்பாணம். இங்கே வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். வவுனியாவில் இருக்கும் சிநேகிதி தன் வீட்டில் பிறந்த வெள்ளை எலிக்குட்டிகள் இரண்டை ஒன்றரை வருடத்துக்கு முன் தந்தாள். இரண்டும் பெட்டை, முத்து, பவளம் என்று பெயர். போன கிழமை பவளம் செத்துவிட்டாள். கடைசி நாட்களில் மூச்சு விடும்போது கர்கர் என்று கேட்டது. பாடசாலைக்குப் போகிற அவசரத்தில் விடியவே புதைத்துவிட்டேன். அதன்பிறகு முத்து சரியாகச் சாப்பிடவில்லை. மூலையில் சுருண்டு கிடக்கிறாள். கண்ணோரம் சிவப்பாக ஏதோ வடிகிறது. வயலில் விட்டுவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமி. பொறி வைத்து ஒன்றைப் பிடித்துத் தரட்டோ என்கிறார் வீட்டுக்காரர். "மனிசரையே பறிகொடுத்த சனம் நாங்கள், நீ எலிக்கு அழுகிறாய்" என்றும் ஒருவர் சொன்னார். நான் என்ன செய்ய?
- ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, முதலில் அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்கிறேன், பயந்து போயிருப்பீர்கள். அது இரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து வரும் நிறப்பொருள். சுகமாக இருக்கிற எலி அதை நக்கித் துடைத்துவிடும். மனமோ உடம்போ சரியில்லாத எலி தன்னைச் சுத்தம் செய்வதை விட்டுவிடும், அப்போது வெளியே தெரியும். ஆகவே முத்து சோகத்தில் இருக்கிறாள் என்றும் எடுக்கலாம், நோயில் இருக்கிறாள் என்றும் எடுக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். துணையைத் தேடும் முன் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பவளத்தின் மூச்சுச் சத்தம் எனக்கு யோசனையாக இருக்கிறது. வளர்ப்பு எலிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் நெஞ்சுக்குள் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி குடியிருக்கும். பல காலம் அடங்கிக் கிடந்துவிட்டு, வயது போனால் அல்லது மனம் உடைந்தால் தலை தூக்கும். ஒரே கூட்டில் இருந்த முத்துவிடமும் அது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்று பின்னேரம் அவளைத் தூக்கி, விலாப் பக்கத்தை உங்கள் காதோடு வைத்துக் கேளுங்கள். கரகரப்போ விசில் போன்ற சத்தமோ கேட்டால், மூச்சு விட விலா உள்ளே இழுத்தால், உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அடுத்த நாளே கொண்டுபோங்கள். மாடும் ஆடும் கோழியும் பார்க்கிற இடம் என்று கூச்சப்பட வேண்டாம். நிறையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்ல வைத்தியரால் முடியும். சந்தேகம் இருந்தால் பேராதனை மிருக வைத்திய பீடத்தில் கதைத்துக் கேட்கும்படி அவரிடமே சொல்லலாம். எலிக்காய்ச்சலைத் தடுக்க வயலுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற டொக்சிசைக்ளின் எலியின் நெஞ்சு நோய்க்கும் பாவிக்கிற மருந்துதான். அதற்காக வீட்டில் கிடக்கும் குளிசையை நீங்களே உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு கிண்ணத்தில் அவளை இருத்தி ஒவ்வொரு நாளும் நிறுத்து எழுதுங்கள். வளர்ந்த பெட்டை பொதுவாக 250 முதல் 350 கிராம் வரை இருக்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது அவசரம். ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமலோ குடிக்காமலோ இருந்தாலும் அப்படித்தான். ஆசை காட்டிச் சாப்பிட வையுங்கள்: அவித்த முட்டை, உப்பில்லாத குழைசோறு, அவித்த பயறு, கனிந்த பப்பாசி. சமபோஷ சத்துமாவைத் தண்ணீரில் குழைத்து விரலில் தொட்டுக் கொடுத்தால் பல எலிகள் நக்கும். கச்சானில் கொழுப்பு அதிகம், ஒன்றிரண்டு போதும்.

பவளத்தை விடியவே புதைத்ததை நினைத்து வருந்த வேண்டாம். உடலை முகர்ந்து பார்த்த எலி தேடுவதைக் கெதியாக நிறுத்தும் என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்கிறார்கள், ஆனால் உங்களுக்கு அன்று நேரம் இருக்கவில்லை. கூட்டைக் கழுவுங்கள், இருவரும் படுத்த துணியில் ஒரு துண்டை மட்டும் சில நாட்களுக்கு விட்டுவையுங்கள். கீழே மரக்காலைத் தூளோ உமியோ போடாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது, அதுவும் சோளகம் வீசுகிற மாதங்களில். கிழித்த பேப்பரும் பழைய பருத்திச் சாரமும் நல்லது. தகரக் கூரை வீடென்றால், மத்தியானத்தில் ஒரு மண்சட்டியைச் சரித்து வைத்து, துணி சுற்றிய ஐஸ் தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வையுங்கள். எலி எங்களைப்போல் வியர்த்துச் சூட்டைத் தணிக்காது, வாலாலும் சூட்டை வெளியே விடும்.

இனித் துணை. நீங்கள் பாடசாலையில் நிற்கிற நேரம் முத்துவுக்குத் தூக்க நேரம். அந்த மணித்தியாலங்களுக்காக மனம் வருந்தத் தேவையில்லை. பொழுது பட்டபிறகு கட்டிலில் விட்டு, போர்வைக்குள் ஓடவிட்டு, கதைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருங்கள். அவள் பல்லை மெல்ல நறநறத்தால் பெரும்பாலும் சுகமாக இருக்கிறாள் என்றுதான் பொருள். ஆனால் நீங்கள் லைட்டை நிறுத்திப் படுத்தபிறகுதான் அவளுடைய பகல் தொடங்குகிறது. விடியும்வரை அவளோடு விளையாடவும், முதுகைக் கோதவும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவும் இன்னொரு எலியால்தான் முடியும். நீங்கள் எவ்வளவு அன்பு வைத்தாலும் அந்த இரவை நிரப்ப முடியாது. அதனால் அவள் உடம்பு தேறினால் துணை தேடுங்கள் என்பதுதான் என் பதில்.

பொறியில் பிடித்தது வேண்டவே வேண்டாம். காட்டெலிக்கு மனிதரோடும் கூட்டோடும் பழக்கமில்லை; முத்துவைக் கடித்துக் கொல்லலாம். அதன் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலபோக நெற்செய்கைக் காலத்தில் அந்த நோய் என்ன செய்கிறதென்று வன்னியில் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முத்துவின் சாப்பாட்டையும் மூடியே வையுங்கள், கூடு கழுவும்போது கையில் காயம் இருந்தால் உறை போடுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் எலி வளர்ப்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். வயலில் விடுவது அவளைக் கொல்வதற்குச் சமம். ஆந்தை, சாரை, நஞ்சு வைத்த நெல் எதையும் அவள் அறியமாட்டாள்.

சிநேகிதியிடம் ஒன்றரை, இரண்டு மாதக் குட்டிகள் இருந்தால் இரண்டாகக் கேளுங்கள். இரண்டும் பெட்டை என்று வடிவாகப் பார்த்து எடுங்கள். ஐந்து, ஆறு கிழமையிலேயே குட்டி போடும் வயது வந்துவிடும், ஒரு கடுவன் வந்தால் 3 கிழமையில் வீடு நிறையும். ஏன் இரண்டு? குட்டிகளின் ஆட்டத்துக்கு முத்துவால் ஈடுகொடுக்க முடியாது. அவை தமக்குள் விளையாட, அவள் விரும்பியபோது சேர்ந்துகொள்வாள். எலியின் ஆயுள் 2, 3 வருடம்தான். அவள் போகும் நாளில் அவை இன்னொரு முத்துவாகத் தனித்து நிற்காது.

இன்னும் 3 வருடம் எலி வளர்க்க உங்களால் முடியுமா என்பதையும் யோசியுங்கள். இடமாற்றம் வரலாம். முடியாதென்றால், முத்துவைச் சிநேகிதி வீட்டுப் பெட்டைகளோடு சேர்த்துவிடுவது நல்ல முடிவு, கைவிடுவதல்ல.

எலிக்கு அழுகிறாய் என்று சொன்ன அந்த மனிதரைப் பற்றி. 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது கட்டையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள், பின்னால் ஓடிவந்த நாயை விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த மண்ணில் எத்தனை பேர். அதைச் சொல்லும்போது இன்றும் குரல் உடைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இழந்தவர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று நீங்கள் நினைக்கத் தேவையில்லை. அவரோடு வாதாட வேண்டாம், அவருக்கும் சொல்லாத ஏதோ இருக்கும். அழுகை வந்தால் அழுங்கள்.

குட்டிகள் வந்ததும் 2 கிழமை வேறு அறையில் வையுங்கள், தும்மல் இருக்கிறதா பாருங்கள். அதற்கிடையில் படுக்கைத் துணிகளை மாற்றிமாற்றிப் போட்டு மணத்தைப் பழக்குங்கள். முதல் சந்திப்பு முத்துவின் கூட்டில் வேண்டாம். கழுவிக் காய்ந்த குளியலறைத் தரையில் வையுங்கள். முத்து குட்டியைப் புரட்டி அமுக்கினால், குட்டி கீச்சிட்டால் தலையிடாமல் விடுங்கள், அது அவர்களின் வழக்கம். மயிர் சிலிர்த்து, பக்கவாட்டில் நின்று தள்ளினால் கவனம். இரத்தம் வந்தால் துவாயைப் போட்டுப் பிரித்துவிடுங்கள், வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். சில சோடிகள் ஒரே பின்னேரத்தில் சேரும், சிலவற்றுக்குக் கிழமைக்கணக்கில் எடுக்கும்.

வவுனியாவிலிருந்து கொண்டுவரும்போது விடிய வெளிக்கிடும் பஸ்ஸில் ஏறுங்கள், வெயில் ஏறமுன் வீட்டுக்கு வந்துவிடலாம். காற்றோட்டமான பெட்டியில் துணியும் வெள்ளரிக்காய்த் துண்டும் போடுங்கள். தண்ணீர்ப் போத்தல் குலுங்கி ஒழுகும், வழிக்கு வெள்ளரிக்காயே போதும்.