படம் எடுத்தாச்சு, றிப்போட் எங்கே?

கொக்குவில் வாசகர்: எக்ஸ்றே எடுக்க ஐந்து நிமிடம்தான் சென்றது. றிப்போட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

படம் எடுப்பவர் றேடியோகிராபர். அதைப் பார்த்து எழுதுபவர் கதிரியக்க வைத்திய நிபுணர். சிரி (CT), எம்ஆர்ஐ ஸ்கான்களையும் அவரே பார்க்க வேண்டும். ஊசி வைத்துக் கட்டியில் சதை எடுப்பதும் அவரே. அவர் சுமையைக் குறைக்காமல் இன்னொரு மெஷின் வாங்கினால் றிப்போட் வரிசைதான் நீளும். வார்ட்டிலிருந்து வரும் துண்டில் ‘நெஞ்சுப் படம்’ என்று மட்டும் இல்லாமல் ‘மூன்று கிழமை இருமல், மாலையில் காய்ச்சல்’ என்றும் இருந்தால், காசநோயை நினைத்து அதை முந்திப் பார்ப்பார்.

சாவகச்சேரி வாசகி: மகன் சைக்கிளால் விழுந்து முழங்கையில் அடி. படம் எடுத்தவரைக் கேட்டால் “டொக்டர் சொல்லுவார்” என்கிறார். தெரிந்ததைச் சொன்னால் என்ன?

உங்களிடம் சொல்லாதது சரிதான். ஆனால் டொக்டரிடம் சொல்ல அவருக்கு ஒரு வழி வேண்டும். பிள்ளைகளின் முழங்கையில் முறிவுக் கோடு தெரியாமலே இருக்கலாம். பக்கவாட்டுப் படத்தில் எலும்புக்குப் பின்னால் கொழுப்பின் கறுப்பு நிழல் எழும்பி நின்றால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம், முறிவைச் சந்தேகிக்க வேண்டும். இரவில் விபத்துப் பிரிவில் தனியே நிற்கும் இளம் டொக்டர் இதைத் தவறவிடலாம். நாள் முழுக்கப் படம் எடுப்பவர் கண்ணில் படும். பிரிட்டனில் 1980களிலேயே, சந்தேகமான படத்தில் றேடியோகிராபர் சிவப்புப் பொட்டு ஒட்டும் முறை வந்துவிட்டது. அப்புறம் மேற்படிப்புப் பயிற்சி பெற்ற றேடியோகிராபர்கள் எலும்புப் படங்களுக்குத் தாங்களே றிப்போட் எழுதத் தொடங்கினார்கள். இதற்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். பொட்டு ஒட்ட மனம் இருந்தால் போதும்.

நெடுந்தீவு வாசகர்: அம்மாவைப் படகேற்றிக் குறிகட்டுவான் வந்து, பஸ் பிடித்து சிரி ஸ்கானுக்குப் போனோம். கிரியற்றினின் பார்க்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

ஸ்கானில் படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து சிறுநீரகத்தால் வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அந்த இரத்தப் பரிசோதனை அவசியம். ஆனால் அதை முதல் கிழமையே சொல்லியிருக்க வேண்டும். ஸ்கான் பட்டியலுக்கென ஒரு தாதியைப் பொறுப்பாக விட்டு, கிரியற்றினின், ஒவ்வாமை, மெட்போமின் (நீரிழிவு மாத்திரை) மூன்றையும் போனில் கேட்க வைத்தால் வயோதிபர் ஒருவர் வீணாக அலைய வேண்டியதில்லை. மெட்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பருத்தித்துறை வாசகர்: வேலையைப் பிரித்துக் கொடுத்தால் பிழை கூடாதா?

மேற்பார்வை இல்லாமல் கொடுத்தால் கூடும். யார் எதுவரை செய்யலாம் என்பதை எழுதி வைக்க வேண்டும். நிபுணர் மாதம் ஒருமுறை சில படங்களை மறுபடி பார்த்து, தவறியவற்றை எல்லோரையும் இருத்திப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் யாரையும் ஏசக் கூடாது. ஏச்சு விழுந்தால் அடுத்த மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.