குவார்ட்டர் மாஸ்டர் என்றால் யார்?

கேள்வி: 17 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்திருக்கிறேன். கடைசி 4 வருடம் 'கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார்'. மணலி, எண்ணூர் பக்கம் 11 கிடங்குகளுக்கு ரெஸ்யூமே கொடுத்தும் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. நகல் இணைத்திருக்கிறேன். எதைத் திருத்த வேண்டும்?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, முதல் வரியிலேயே இடறுகிறது. நானும் அதே பதவியில் இருந்து வந்தவன். ராயபுரத்தில் ஒரு கிடங்கு மேனேஜர் என் பேப்பரைப் பார்த்துவிட்டு, "எந்தக் கப்பல்ல இருந்தீங்க?" என்று கேட்டார். நம் துறைமுகப் பக்கம் குவார்ட்டர் மாஸ்டர் என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். கம்பெனி என்றால் ஏதோ ஒரு கப்பல் கம்பெனி. ராணுவத்தில் கம்பெனி என்றால் நூற்றுச் சொச்சம் ஜவான்கள் உள்ள பிரிவு, குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அதன் ஸ்டோரைப் பார்ப்பவர் என்று நான் விளக்குவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு வீடு வரை நடந்தே வந்தேன்.

அதனால் பதவிப் பெயரைக் கீழே சின்னதாகப் போடுங்கள். மேலே, 'ஸ்டோர் பொறுப்பாளர், 4 வருடம். இத்தனை பேருக்கு உடுப்பு, ரேஷன், தளவாடம். லெட்ஜர், இருப்புச் சரிபார்ப்பு' என்று எழுதுங்கள்.

கிளம்பும்போது ஸ்டோரை ஒப்படைத்திருப்பீர்கள் அல்லவா? கம்பளி, மெஸ் டின், கூடாரத்து முளைக்குச்சி வரை எண்ணி, லெட்ஜரோடு ஒத்துப் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடும் அந்த 'ஹேண்டிங் ஓவர்' உங்கள் ரெஸ்யூமேயில் எங்குமே இல்லை! அதற்கு எத்தனை நாள் ஆனது, கணக்கில் குறை விழுந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். கன்டெய்னர் யார்டில் 10 பெட்டி குறைந்தால் யார் பதில் சொல்வது என்பதுதான் அவர்கள் கவலையே.

துப்பாக்கிப் பயிற்சி, யூனிட் இருந்த இடங்கள் எல்லாம் வேண்டாம். அப்புறம், 15 வருட சர்வீஸுக்குக் கிடைத்த பட்டப்படிப்புக்கு இணையான சான்றிதழை 'டிகிரி' என்று எழுதாதீர்கள். அது அரசின் குரூப் சி வேலைகளுக்காகக் கொடுப்பது. பிளஸ் டூ என்றால் பிளஸ் டூ என்றே இருக்கட்டும்.

முன்னாள் ராணுவத்தினருக்குப் பெரும்பாலும் செக்யூரிட்டி வேலை தரும் தமிழக அரசு நிறுவனமான டெக்ஸ்கோவில் பதிவு செய்து வையுங்கள், சரி. ஆனால் ஸ்டோர் பார்த்தவர் அவசரப்பட்டு செக்யூரிட்டி வேலையில் உட்காருவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். ஸ்டோர் கணக்கு மறந்துபோவதற்குள் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரெஸ்யூமேயைத் திருத்தியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.