பத்தாவது படிக்கிறார், பத்தி வாசிக்கிறாரா?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் மாலை வகுப்பு தொடங்கியிருக்கிறோம். 14 முதல் 18 வயதுவரை 25 பேர் வருகிறார்கள். சிலர் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். யாருக்கு எதுவரை வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வித்தாள் ஒன்று தயாரித்திருக்கிறேன். கொடுத்துவிடலாமா?

பதில்: கேள்வித்தாளை இப்போதைக்கு மடித்து உள்ளே வையுங்கள். வாசிக்கத் திணறுகிறவருக்குக் கேள்வியே புரியாது. அவர் வெற்றுத்தாளை நீட்டினால், எழுத்தே தெரியாதா, சொல்வரை தெரிந்து வரியில் தடுமாறுகிறாரா என்று உங்களால் சொல்ல முடியாது.

ஒவ்வொருவராக உட்காரவைத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கிய ‘அசர்’ (ASER) ஆய்வு, பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு தெரியும் என்று பார்க்க, வீடு வீடாகப் போய் இதைத்தான் செய்கிறது. பாகிஸ்தானிலும் கென்யா, தான்சானியா, உகாண்டாவிலும் இதே வழியைப் பின்பற்றியிருக்கிறார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக்கதை, அவ்வளவுதான்.

பத்தியிலிருந்து தொடங்குங்கள். தடையில்லாமல், மூன்று பிழைக்கு மேல் போகாமல் வாசித்தால் கதைக்கு ஏற்றுங்கள். சொல் சொல்லாகப் பிய்த்து வாசித்தால் அது வாசிப்பில்லை, சொற்களுக்கு இறங்குங்கள். ஐந்தில் நான்கு சரியென்றால் அவர் சொல் படியில் இருக்கிறார், இல்லையென்றால் எழுத்துப் படிக்குப் போங்கள். பாடப்புத்தகப் பத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். பக்கத்தைக் கையால் மறைத்தாலும் ஒப்பித்துவிடுவார்கள்!

தமிழில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ‘மழை’யை ‘மளை’ என்று சொன்னால் அது ஊர்ப்பேச்சு, வாசிப்புப் பிழையாக எண்ணாதீர்கள். கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடத்தில்தான் உண்மையான சிக்கல் தெரியும். ‘கொடி’யைப் பார்த்து ‘கெ’ என்று தொடங்கி நின்றால், துணைக்காலை ‘ர’ என்று வாசித்தால், குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகள் இரண்டைக் கொடுத்துத் தொடங்கலாம். 62இல் 38 போனால் 36 என்று எழுதுகிறவர் எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறார். அவருக்கு இட மதிப்பு பிடிபடவில்லை. இரண்டு கழித்தல்களையும் சரியாகப் போட்டால் வகுத்தல், இல்லையென்றால் 11 முதல் 99 வரை எண்களை அடையாளம் காணச் சொல்லுங்கள். 618ஐ ஆறால் வகுத்து 13 என்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். நடுவில் ஒரு பூஜ்யம் தொலைந்திருக்கும்.

இந்த வயதினருக்கு அதோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். 2023இல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறத்து 14–18 வயதினரிடம் அசர் எடுத்த ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவரால் தங்கள் மாநில மொழியிலேயே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. எனக்குப் பிடித்தது அதிலிருந்த ஸ்கேல் கேள்வி. பொருளைப் பூஜ்யத்தில் வைத்தால் சுமார் 85 சதவீதம் பேர் நீளத்தைச் சரியாகச் சொன்னார்கள். கொஞ்சம் நகர்த்தி வைத்ததும் 39 சதவீதமாகச் சரிந்தது. நீங்களும் ஒரு பென்சிலை 2இல் தொடங்கி 8இல் முடியும்படி வைத்துக் கேளுங்கள். அப்புறம் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கொடுத்து, எத்தனை லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், கலக்கியதை எவ்வளவு நேரத்துக்குள் குடிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

சரி, இவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. தம்பி தங்கைக்கு முன்னால் எழுத்துக்கூட்டச் சொன்னால் மறுநாள் வரமாட்டார்கள். தனியாக, அலமாரி மறைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘எழுத்து சின்னதா இருக்கு அண்ணா’ என்று ஒருவர் சொன்னால் சாக்கு என்று தள்ளாதீர்கள். பெரிய எழுத்திலும் ஒரு தாள் வைத்திருங்கள். கண்ணாடி தேவைப்படுகிறவராக இருக்கலாம்.

ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் மூன்று மாலைகளில் முடிந்துவிடும். மதிப்பெண் வேண்டாம், பெயர், தேதி, எந்தப் படியில் நின்றார், பிழையின் வகை மட்டும் எழுதிவையுங்கள். வகுப்பு வாரியாக இல்லாமல் படி வாரியாகக் குழு பிரித்துக் கற்றுக்கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது வேறு தாள் எடுங்கள். பழைய பத்தி அதற்குள் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருக்கும்.