கிறிஸ்துமஸ் ஹாம்: கொழுப்பை விடுங்க, உப்பைப் பாருங்க

கே: அமெரிக்க நண்பர் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து, ஹாம்தான் முக்கிய அயிட்டமாம். கொலஸ்ட்ரால் உள்ளவர் தொடலாமா?

ப: எல்லாரும் கொழுப்பையே கேட்கிறீர்கள். பன்றியின் பின்னந்தொடைதான் ஹாம், ஓரத்து வெள்ளைக் கொழுப்பை வெட்டி ஒதுக்கினால் மிச்சம் ஓரளவு மெலிந்த கறி, 85 கிராமில் ஏறக்குறைய 18 கிராம் புரதம். சிக்கல் உப்பில் இருக்கிறது. அதே 85 கிராமிலேயே சோடியம் 1,000 மி.கி.யை ஒட்டி வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதுக்கும் சொல்வதே 2,000 மி.கி.க்குள்தான். இரண்டாவது துண்டும் போட்டுக்கொண்டு, டப்பா காளான் சூப் ஊற்றிச் செய்த பீன்ஸ் கேசரோல், சீஸ் உருளைக்கிழங்கு, பன் என்று போனால் கணக்கு அந்தத் தட்டிலேயே தாண்டிவிடும். பிரஷர் இருப்பவர்கள் ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

கே: தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு இறங்காதா?

ப: அமெரிக்காவில் வர்ஜீனியா பக்கத்து கன்ட்ரி ஹாம் என்றால் இறங்கும். அது உப்பைத் தேய்த்து மாதக்கணக்கில் பதப்படுத்துவது, ஊறவைக்காமல் வாயில் வைக்க முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் உப்புநீரை உள்ளே ஏற்றி வேகவைத்தது, ஊறவைத்துப் பெரிய பலன் இல்லை. மற்ற பதார்த்தங்களில் உப்பைக் குறையுங்கள்.

கே: எனக்கு சுகர். மேலே தேன், பிரவுன் சுகர் பூசுகிறார்களே?

ப: அது மேல்தோலோடு சரி, ஓரத்தை விட்டு உள்துண்டாகக் கேளுங்கள். மார்ஷ்மெல்லோ மிட்டாய் போட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் ‘பை’ (pie) என்ற இனிப்புப் பண்டத்தையும் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

கே: அந்த இளஞ்சிவப்பு நிறம் புற்றுநோய் தருமா?

ப: நிறத்துக்குக் காரணம் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு. நச்சுக்கிருமி வளராமல் தடுக்கவும் அதைத்தான் சேர்க்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது உண்மை, ஆனால் அவர்கள் சொன்ன கணக்கு தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பது. வருஷத்தில் ஒரு ராத்திரி விருந்தை நினைத்துக் கலங்க வேண்டாம். தினமும் டிபன் பாக்ஸில் போகும் ஹாம் சாண்ட்விச்சை நிறுத்துங்கள்.

கே: மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

ப: இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். கர்ப்பிணிகள் ஆவி பறக்கச் சுடவைத்தே சாப்பிட வேண்டும், லிஸ்டீரியா என்ற கிருமி குளிரிலும் வளரும். உடைத்த பட்டாணியோடு ஹாம் எலும்பை வேகவைத்து சூப் வைக்கலாம், அப்புறம் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், அநேகமாகத் தேவைப்படாது.