முழுநேரமாக எழுதிக்கொண்டே, மீட்ட தெருநாய்களுக்கும் வீட்டில் இடம் கொடுக்க முடியுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தையும் படித்தேன். குடியாத்தத்தில் இருக்கிறீர்கள், வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதப் போகிறீர்கள், கூடவே அடிபட்ட நாய்கள் இரண்டு மூன்றை, வளர்ப்பவர் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள நினைக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: ‘நாய்கள் பக்கத்தில் இருந்தால் மனம் அமைதியாகி எழுத்தும் நன்றாக வரும் அல்லவா?’

அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். அது இல்லாவிட்டால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன்.

அமைதியா? நேற்று இரவு இரண்டே கால் மணிக்கு ஒரு குட்டி, அச்சுக்கு முன் பிழை திருத்த வைத்திருந்த மெய்ப்புத் தாள்களின் மேல் வாந்தி எடுத்தது. 140ஆம் பக்கத்திலிருந்து 152 வரை நாசம். அதைத் திட்டக்கூட நேரமில்லை, வாந்தியில் புழு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது.

நான் காட்பாடிக்காரி. இரண்டு நாவல்களும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் வெளிவந்திருக்கின்றன. எனக்குச் சோறு போடுவது அவை அல்ல, பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கும் வேலை. 2020 முதல் இதுவரை 26 நாய்கள் என் வீட்டுப் பின்கட்டில் தங்கிப் போயிருக்கின்றன. ‘தங்கிப் போயிருக்கின்றன’ என்பதில் செத்துப் போனவையும் அடக்கம்.

முதலில் பணத்தைப் பேசிவிடுகிறேன். நாய் வளர்ப்பதைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் இருப்பது அப்பா கட்டிய வீடு. பின்கட்டில் கிணறு, துவைக்கும் கல், ஒரு வேப்பமரம். வாடகை வீட்டில் இருந்திருந்தால் முதல் நாயோடு என்னையும் சேர்த்து வெளியே அனுப்பியிருப்பார்கள். என் இரண்டாவது நாவல் 300 பிரதி அச்சானது. விலை 250 ரூபாய், ராயல்டி 10 சதவீதம். அத்தனையும் விற்றால் 7,500 ரூபாய், அத்தனையும் விற்கவில்லை. பார்வோ என்ற கிருமிநோய் கண்ட ஒரே ஒரு குட்டிக்கு ஐந்து நாள் சலைன், ஊசி, ஆட்டோ என்று ஓடினால் ஒரு நாவல் போய்விடும். தீனிச் செலவு அவ்வளவு பெரிதில்லை. நொய்யரிசிக் கஞ்சியில் கோழிக் கடையில் கிடைக்கும் கால், கழுத்தை மஞ்சள் போட்டு வேகவைத்து, எலும்பை நீக்கிவிட்டுப் பிசைந்து வைக்கிறேன். (வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணிக் கடை எலும்பை அன்போடு போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.)

மெய்ப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒரு பதிப்பகம், பெயர் வேண்டாம், 420 பக்க நூல் ஒன்றை எட்டு நாளில் திருத்தித் தரச் சொன்னது. தந்தேன். நூல் வந்ததும் பிரித்துப் பார்த்தால், ஆசிரியர் தன் மாமனாரில் தொடங்கித் தேநீர் வாங்கி வந்த பையன்வரை எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். மெய்ப்புப் பார்த்தவளுக்கு ஒரு வரி இல்லை. அந்த நன்றியுரையில் மட்டும் நான்கு ஒற்றுப்பிழைகள், ஏனென்றால் அதை என் கண்ணில் காட்டாமல் கடைசி நேரத்தில் சேர்த்திருக்கிறார்கள். பணம் ஏழு மாதம் கழித்து வந்தது, அதுவும் நான்கு முறை நினைவூட்டிய பிறகு. இதற்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். வேலையை விடப் போகிறேன் என்கிறீர்களே, விட்டபின் எந்த வாசலில் நிற்க வேண்டிவரும் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான்.

சரி, காலுவின் கதைக்கு வருகிறேன். என்னை இதில் இழுத்துவிட்டது அவன்தான்.

வேலூருக்கு வந்திருந்தால் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜுகளைப் பார்த்திருப்பீர்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், அங்கேதான் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து இருக்கும், மீன்குழம்பும் சோறும் கிடைக்கும். அந்தத் தெருநாய்கள் அந்தச் சோற்றில்தான் வளர்ந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கடைகள் மூடின. மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் விட்டு, மாட்டிக்கொண்டிருந்தவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். லாட்ஜுகள் காலி.

அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போயிருந்தேன். இழுத்து மூடிய ஒரு லாட்ஜ் வாசற்படியில் கறுப்பு நாய் ஒன்று கிடந்தது. மூக்கில் ரத்தம். காதுக்குள் உண்ணிகள் ஆமணக்குக் கொட்டைபோல் பருத்து வரிசையாக இருந்தன. காவலுக்கு இருந்த தம்பி, அணைக்கட்டுப் பக்கத்து ஆள், “காலு என்று பெயர், அக்கா. கால் ஒடிந்த நாயோ என்று முதலில் நானும் நினைத்தேன். அவர்கள் பாஷையில் கறுப்பனாம்” என்றார். இருவருமாகக் கோணிச்சாக்கில் சுற்றி என் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் ஏற்றினோம். பாலாற்றுப் பாலத்தில் போலீஸ்காரர் மறித்தார். “மனிதர்களுக்கே பாஸ் கிடைக்கவில்லை, நாய்க்கா அம்மா?” என்றவர், சாக்கைத் திறந்து அதன் மூக்கைப் பார்த்ததும் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் ஒடுங்கியவன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. “வா, வா” என்றேன். “சாப்பிட வா கண்ணு” என்றேன். காது அசையவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். “தமிழில் கூப்பிட்டால் வராது அக்கா. ஆய், ஆய் என்று கூப்பிடுங்கள்” என்றார். வங்காளத்தில் ‘வா’ என்பதற்கு அதுதானாம். பின்கட்டில் நின்று, ஐம்பதை நெருங்கும் வயதில், “ஆய்! ஆய்!” என்று உரக்கக் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டி, “வீட்டுக்குக் குழந்தை யாராவது வந்திருக்கிறதா அம்மா?” என்றார். காலு வாலை ஆட்டிக்கொண்டு நேராக என் காலடிக்கு வந்து உட்கார்ந்தான். தெருப் பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து நான் ஆய் அக்கா.

உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். அதைத் தயிர்ச்சோற்றில் ஒளித்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னேன், கால்நடை மருத்துவரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். பால், தயிரோடு கொடுத்தால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். இட்லிக்குள் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். காய்ச்சல் பார்ப்பது, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது, உண்ணி பிடுங்குவது. ஊரடங்கில் நாவலை முடித்துவிடுவேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த மாதம் ஒரு பக்கம் எழுதவில்லை.

உடம்பு தேறியபின் காலு விடியற்காலை நாலரைக்கு என்னை எழுப்பத் தொடங்கினான். மூக்கால் கட்டிலை இடிப்பான். லாட்ஜில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரி வரிசைக்காக அந்நேரத்துக்கே எழுந்து கிளம்புவார்கள், போகும்போது பிஸ்கட் போடுவார்கள் என்று தம்பி சொன்னார். அந்தக் கடிகாரத்தை அவன் இங்கேயும் கொண்டுவந்துவிட்டான். அவனை வெளியே விட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மறுபடி தூக்கம் வராது. கெட்டுப்போன தூக்கத்தை வீணாக்க மனமில்லாமல் எழுதினேன். ஏழு மணிக்கு வெயில் ஏறிவிடும். கத்திரியில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று குடியாத்தத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது நாவல் அந்த இரண்டரை மணி நேரங்களில் எழுதியது. நாயால் எனக்கு எழுத்து வந்தது என்றால் இவ்வளவுதான் வந்தது. இதற்கு அமைதி என்று பெயர் வைக்காதீர்கள்.

பின்னூட்டத்தில் வரப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். ‘குழந்தைகளைக் கடிக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?’ கடிக்கிறது. என்னையும் கடித்திருக்கிறது, இடது முழங்கைக்குக் கீழே. கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தவணை ஊசியும் விடாமல் போட்டுக்கொண்டேன். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. இதில் எனக்கு எந்த அலட்சியமும் கிடையாது. நான் தெருவில் சோறு வைப்பதும் இல்லை. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 விதி. அதைச் செய்யாமல் சோறு மட்டும் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, 11 நாளில் அதைத் திருத்தியதே, அன்றிலிருந்து இரண்டு தரப்பும் என்னைத் திட்டுகின்றன. ‘மனிதர்களுக்கு உதவலாமே’ என்பவர்கள் தாங்கள் எத்தனை பேருக்கு உதவினார்கள் என்று எழுதிவிட்டு என்னிடம் வரட்டும்.

வளர்ப்பவரைத் தேடுவதுதான் உண்மையில் எழுத்தைத் தின்னும் வேலை. விளம்பரம் போட்டால் நாளுக்குப் பத்து போன். முதல் கேள்வி, “என்ன ஜாதி?” நாட்டு நாய் என்றால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர், “ஆணா, பெட்டையா?” பெட்டை என்றால் அவர்களும் வைத்துவிடுவார்கள். தேய்பிறை அஷ்டமிக்குத் தவறாமல் பைரவருக்கு விளக்குப் போடும் ஓர் அம்மாள், தெருநாய்க் குட்டி என்றதும் முகத்தைச் சுளித்தார். அதே தெருவில் ஒருவர் இந்த ஊர் வெயிலில் பனிநாட்டு நாயான ஹஸ்கியை வாங்கிக் கட்டியிருக்கிறார்.

காலுவை முதலில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒருவர் கொண்டுபோனார். பதினோராம் நாள் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் மூன்றடிச் சங்கிலி, தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. எதுவும் பேசாமல் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு கணியம்பாடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு தம்பதியிடம் போனான். அங்கே அவன் பெயர் காளி. போன பொங்கலுக்குப் பார்க்கப் போயிருந்தேன். வரப்பில் நின்று, “ஆய், ஆய்” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மா “டேய் காளி, இங்கே வா” என்றதும் ஓடி வந்தான். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். முதலில் முறைத்த அம்மா பிறகு மனம் மாறி நாய்க்கு ஊட்டிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசை. மாறவில்லை. ஐந்து வருடங்களுக்கு மேலாகப் பின்கட்டுப் பக்கம் வருவதில்லை.

உங்களுக்கு நடைமுறையாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நாயைத் தொடும் முன் நீங்கள் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வரும் நாயை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ போன்ற நோய்களுக்கான முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. பார்வோ வந்த இடத்தில் மாதக்கணக்கில் வேறு குட்டியை விடாதீர்கள், அந்தக் கிருமி மண்ணில் கிடக்கும், பிளீச்சிங் போட்டுத்தான் கழுவ வேண்டும். 2023இல் நான்கு குட்டிகள் வந்து இரண்டு செத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அந்தக் குட்டிகளைப் பற்றி ஒரு கதை எழுதினேன். மறுநாள் படித்தால் சகிக்கவில்லை, ஒரே கண்ணீர். கிழித்துப் போட்டேன். நாய் வளர்க்கும் எழுத்தாளர் நாயைப் பற்றி எழுதாமல் இருந்தால் நல்லது.

இப்போது என்னிடம் இரண்டு குட்டிகள், இரண்டும் பெட்டை. ஒன்றுக்கு முன்னங்காலில் வெள்ளைப் புள்ளி, அதனால் கால்புள்ளி. அதன் தங்கை வேறு வழியில்லாமல் அரைப்புள்ளி. நேற்று வாந்தி எடுத்தது அரைப்புள்ளி, அது இங்கேயே இருக்கட்டும். கால்புள்ளிக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. காட்பாடியிலிருந்து குடியாத்தம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். நீங்கள் வேலையை விடுவதற்கு முன்பு, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு மாதம் வைத்துப் பார்ப்பதாக இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூடையில் வைத்துக் கொண்டுவருகிறேன். என்ன ஜாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.