அது எங்கே எழுதியிருக்கிறது?

கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் திட்டப் பொறியாளராக இருந்துவிட்டு, இரண்டு மாதங்களுக்கு முன் ஜெர்மனியின் மன்ஹைமுக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, ஊரில் எக்செல் தாளையும் கைபேசியையும் வைத்துக்கொண்டே எல்லாத் திட்டங்களையும் முடித்துக் கொடுத்தேன். இங்கே எதைச் சொன்னாலும் எஸ்.ஏ.பி. மென்பொருளில் இருக்கிறதா என்கிறார்கள். என் திட்டத்துக்கு ஏறக்குறைய 40,000 யூரோ கூடுதலாகச் செலவாகும்போலத் தெரிகிறது. மேலாளர் இன்னும் கேட்கவில்லை. தகுதிகாண் காலம் ஆறு மாதம் முடிவதற்குள் எங்காவது மிச்சம் பிடித்துச் சரிக்கட்டலாமா, இல்லை இப்போதே சொல்லிவிடலாமா?"

சொல்லிவிடுங்கள் தம்பி. இந்த வாரமே. காரணத்தைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 2011இல் வந்தேன். அதற்குமுன் திருச்சி துவாக்குடியில், கொதிகலன் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. அங்கே கிரேன் வேண்டுமென்றால் கிரேன்காரருக்குப் போன் போடுவோம், அவர் வந்து தூக்கி வைத்துவிட்டுப் போவார், காகிதமெல்லாம் பிறகு. இங்கே வந்த மூன்றாம் மாதம் அதையேதான் செய்தேன். இயந்திரத்தின் அடித்தளத்தை இறக்க வெள்ளிக்கிழமை கிரேன் தேவைப்பட்டது. பக்கத்து ஊர்ச் சிறு நிறுவனம். "அனுப்புங்கள், ஆர்டர் பின்னால் வரும்" என்றேன். வந்தார்கள், இறக்கினார்கள், கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து 6,800 யூரோவுக்குப் பில் வந்தது. ஆர்டர் எண் இல்லை என்று கணக்குப்பிரிவு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. கடைசியில் அந்த முதலாளியே, அறுபது வயதுக்காரர், நீல மேலங்கியோடு வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் கத்தவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வோ ஷ்டேட் டாஸ்?" அது எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் எழுதியிருக்கவில்லை. பணம் போய்ச்சேர மூன்று வாரம் ஆயிற்று. அந்தப் பெரியவர் வரவேற்பறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்தக் கேள்வியை இந்தப் பதினான்கு ஆண்டுகளில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நீங்களும் கேட்பீர்கள்.

எஸ்.ஏ.பி. மாதிரி நிறுவனம் முழுவதன் வேலையையும் ஒரே இடத்தில் பதியும் மென்பொருளை இ.ஆர்.பி. என்பார்கள். ஊரில் நமக்கு இ.ஆர்.பி. என்றால் கணக்குப்பிரிவுக்காரர்கள் மாலையில் உட்கார்ந்து தட்டும் பெட்டி. வேலை வெளியே நடக்கும், பெட்டியில் அதன் நிழல் விழும். இங்கே திட்டமே அந்தப் பெட்டிக்குள்தான் பிறக்கிறது. உங்களுக்குக் கொடுத்திருப்பார்களே பிஎஸ்பி எண்கள், அதை வெறும் குறியீடு என்று நினைக்காதீர்கள். திட்டம் ஒரு மரம் என்றால் ஒவ்வொரு பிஎஸ்பியும் ஒரு கிளை, ஒவ்வொரு கிளையிலும் ஒரு பணப்பை தொங்குகிறது. வடிவமைப்புக்கு ஒன்று, கொள்முதலுக்கு ஒன்று, நிறுவுதலுக்கு ஒன்று. அதன் கீழே நெட்ஸ்ப்ளான் என்ற வலைத்திட்டத்தில் எந்த வேலை முடிந்தபின் எது தொடங்கும் என்ற வரிசையும் தேதிகளும் இருக்கும். கொள்முதல் கோரிக்கையான பான்ஃபை இந்தக் கிளைகளில் ஒன்றின்மேல் போடுகிறீர்கள், அது ஆர்டராகிறது. ஆர்டர் போன அந்த நிமிடமே, ஒரு காசுகூடக் கைமாறாத நிலையிலேயே, அந்தத் தொகை ஒப்லிகோ என்ற பத்தியில் ஏறிவிடும். கடன்பட்டுவிட்ட தொகை என்று பொருள். சரக்கு வந்து பதிவானதும் ஒப்லிகோவிலிருந்து இறங்கி உண்மைச் செலவில் ஏறும்.

உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒதுக்கீடு, செலவு, ஒப்லிகோ, மீதி என்ற நான்கு பத்திகளும், திட்டச் செலவுகளைக் கண்காணிக்கும் கண்ட்ரோலரின் திரையில் தினமும் இருக்கின்றன. செலவின் ஒவ்வொரு வரியையும் பார்க்க சிஜேஐ3, ஒப்லிகோவின் வரிகளைப் பார்க்க சிஜேஐ5 என்ற கட்டளைகள். உங்கள் கணக்கிலேயே இரண்டையும் திறந்து பாருங்கள். உங்கள் 40,000இல் பாதியாவது அங்கே ஏற்கெனவே தெரிந்துகொண்டிருக்கும். மேலாளர் கேட்கவில்லை என்றால் அவருக்குத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களாக வந்து சொல்கிறீர்களா என்றுகூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்குத்தானே இங்கே ஆறு மாதத் தகுதிகாண் காலமே.

ஊரில் "முடிச்சிடலாம் சார்" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். கெட்ட செய்தியோடு சேர்த்துத் தீர்வையும் கொண்டுபோனால்தான் மரியாதை என்று பழகிவிட்டோம். இங்கே கெட்ட செய்தி சீக்கிரம் வந்தால் போதும், தீர்வைக் கூடி உட்கார்ந்து தேடுவார்கள். தாமதமாக வந்த கெட்ட செய்தியைத்தான் மன்னிக்கமாட்டார்கள். என் கண்ணெதிரில் தகுதிகாண் காலத்தில் வெளியேறியவர்கள் இருவர். இரண்டு பேருமே நல்ல பொறியாளர்கள்.

எங்காவது மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்கிறீர்களே, அதன் பொருள் எனக்குத் தெரியும். உங்கள் திட்டத்தில் போன மணிநேரங்களை, ஒதுக்கீடு மிச்சமிருக்கும் பக்கத்துத் திட்டத்தின் பிஎஸ்பியில் எழுதலாமா என்பதுதானே? கூடாது. கேட்2 திரையில் நீங்கள் எழுதும் மணி அந்தத் திட்டத்தின் விலையாகி, வாடிக்கையாளருக்குப் போகும் கணக்கிலும் சேரலாம். மாதக் கடைசியில் திட்டச் செலவுகளை அப்ரெஹ்னுங், அதாவது கணக்குத் தீர்ப்பு, செய்து அடுத்த கணக்குக்குத் தள்ளிவிடுவார்கள். அதன்பின் திருத்த வேண்டுமென்றால் மாற்றுப்பதிவு, அதற்கொரு விளக்கம், ஒரு கையெழுத்து. தவறுதலாக எழுதிவிட்டால் மாதக்கணக்கு மூடுவதற்குமுன் கண்ட்ரோலரிடம் போய்ச் சொல்லுங்கள். எந்த நாள் மூடுவார்கள் என்பதை முதலிலேயே கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரோடு காபி குடிப்பது இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட மிகச்சிறந்த திட்ட மேலாண்மை உத்தி.

மணிநேரம் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன், நான் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்ட இடம் இது. இரண்டாவது ஆண்டில் உற்சாகமாக ஒரு வரைபடம் தயாரித்தேன். யார் எந்த வேலைக்கு எத்தனை மணிநேரம் எடுத்தார்கள் என்று பெயர் வாரியாக, சிவப்பும் பச்சையுமாக. வாரக் கூட்டத்தில் திரையில் போட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. மறுநாள் தொழிலாளர் மன்றமான பெட்ரீப்ஸ்ராட்டிலிருந்து அழைப்பு. ஊழியர்களின் நடத்தையையோ உழைப்பையோ கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவதற்கும் அவர்களுக்குச் சம்மத உரிமை உண்டு. நிறுவன அமைப்புச் சட்டம், பிரிவு 87. மென்பொருளில் அந்த அறிக்கையை எடுக்க முடிகிறது என்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்றில்லை. வேலை வாரியாகப் பாருங்கள், குழு வாரியாகப் பாருங்கள், பெயர் வாரியாக வேண்டாம். அதேபோல் பதினோரு மணிநேரம் உழைத்துவிட்டுப் பெருமையாக அப்படியே பதியவும் செய்யாதீர்கள், எட்டு என்று பொய்யாகவும் பதியாதீர்கள். சட்டப்படி நாளொன்றுக்குப் பத்து மணிநேரம்தான் உச்சம், ஆகவே பத்து மணிநேரம் ஆவதற்குள் வீட்டுக்குக் கிளம்புங்கள். இங்கே அதை யாரும் சோம்பலாகப் பார்ப்பதில்லை.

சின்ன விஷயங்களும் சில உண்டு, ஆனால் கையைச் சுடுபவை. இவர்களுக்குப் புள்ளிதான் ஆயிரம் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமம். 12.500 என்று எழுதியிருந்தால் பன்னிரண்டரை என்று படிக்காதீர்கள், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. எஸ்யு3 என்ற கட்டளையில் உங்கள் சொந்த அமைப்பைத் திறந்து தசமக் குறியும் தேதி வடிவமும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். இந்திய வடிவிலான எக்செல் தாளை அப்படியே ஏற்றினீர்களென்றால் வேடிக்கை பார்க்கலாம். அடுத்தது, யாரும் தேதி சொல்லமாட்டார்கள், வாரம் சொல்வார்கள். "கேவே 42இல் வரும்" என்றால் ஆண்டின் 42ஆவது வாரம், அக்டோபர் நடுவில். எந்தக் கிழமை என்று கேட்டால் சிரிப்பார்கள், கேளுங்கள், பரவாயில்லை.

மொழியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கலாம், பட்டறையில் குர்ப்ஃபால்ஸ் வட்டாரப் பேச்சுதான். உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்த மென்பொருள் பிறந்ததே உங்கள் பக்கத்தில். மன்ஹைம் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ஐந்து பேர் 1972இல் வெளியே வந்து தொடங்கியதுதான் எஸ்.ஏ.பி. வால்டோர்ஃபில் இருக்கும் அதன் தலைமையகத்தை ரயிலில் அரைமணியில் எட்டிவிடலாம். அதனால் உள்ளே இருக்கும் அட்டவணைப் பெயர்களெல்லாம் ஜெர்மன் சொற்களின் வெட்டுத்துண்டுகள். சென்னையில் என் தோழி ஒருத்தி எட்டு ஆண்டுகள் இகேகேஓ, ஏயுஎஃப்கே என்று மந்திரம்போல் தட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் தொலைபேசியில் சொன்னேன்: ஐன்காஃப் என்றால் கொள்முதல், அவுஃப்ட்ராக் என்றால் ஆணை, கோப்ஃப் என்றால் தலை, ஆகக் கொள்முதல் தலைப்பு, ஆணைத் தலைப்பு. "அடிப்பாவி, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா" என்றாள். திரையை ஜெர்மனில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் மூன்று மாதம் படிப்பதை அந்தத் திரை மூன்று வாரத்தில் சொல்லிக்கொடுக்கும்.

எக்செலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நானும் வைத்திருக்கிறேன், என் மேலாளரும் வைத்திருக்கிறார். இன்னும் எவ்வளவு செலவாகும் என்று மனதுக்குள் போடும் கணக்குக்கு அதைவிட வசதியானது இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் எண்ணைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், உடனே அந்தப் பழைய கேள்வி வரும்.

எஸ்.ஏ.பி.யின் பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது என்பதால் பல நிறுவனங்கள் அதன் புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் இடத்திலும் அந்தப் பேச்சு வரலாம். அதில் பங்கெடுக்கக் கூப்பிட்டால் போங்கள். அது தனிக்கதை, தகுதிகாண் காலம் முடியட்டும்.

இப்போது உங்கள் மின்னஞ்சல். நீளம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். எந்த பிஎஸ்பியில் ஒதுக்கீடு எவ்வளவு, செலவும் ஒப்லிகோவும் சேர்த்து எவ்வளவு, இன்னும் ஆர்டர் போடாமல் இருப்பது எவ்வளவு, ஆகக் கடைசியில் எவ்வளவு வரும் என்று ஐந்தாறு வரி. காரணம் விலையேற்றமா, முதல் மதிப்பீட்டிலேயே விடுபட்டதா, வாடிக்கையாளர் பின்னால் கேட்ட மாற்றமா என்று ஒரு வரி. மாற்றம் என்றால் அதை அவர் எழுத்தில் கேட்டாரா என்று முதலில் தேடுங்கள், அந்த 40,000இல் ஒரு பகுதியை அவரிடமே கேட்க வழி இருக்கலாம். கண்ட்ரோலருக்கு நகல் வையுங்கள், ஆனால் அனுப்புவதற்குமுன் அவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குமேல் அந்தக் கட்டடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.