ஓடையில கிடைக்கிற டயாட்டம் புது இனம்னு எப்படி முடிவு பண்றாங்க? கண்டுபிடிச்சவங்களே பேர் வச்சுக்கலாமா?

பேர் வைக்கறதுக்கு என்னங்க, நானும்தான் வச்சேன். மூணு வாரம் கூட நிக்கல.

சேலத்துல ஒரு காலேஜ்ல எம்.எஸ்ஸி பாட்டனி படிச்சப்ப ப்ராஜெக்ட்டுக்கு ஏற்காடு ஓடைகள்ல டயாட்டம் எடுத்தேன். தெரியாதவங்களுக்காக, டயாட்டம்ங்கறது ஒத்தை செல் பாசி, ஆனா அதைச் சுத்தி கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு இருக்கும், சோப்பு டப்பா மாதிரி ரெண்டு பாதி, ஒண்ணு கொஞ்சம் பெருசு, இன்னொண்ணு அதுக்குள்ள கச்சிதமா உக்காரும். இந்த "கொஞ்சம் பெருசு"தான் பின்னாடி எனக்கு ஆப்பு வச்சது, ஞாபகம் வச்சுக்கங்க. ஓடைக்கல்லுல கால் வச்சதும் சர்ருனு வழுக்குமே, அந்தப் பழுப்பு கொழகொழப்புல இதுங்க கோடிக்கணக்குல இருக்கும்.

எடுக்கறதுக்கு பெரிய கருவி எல்லாம் வேண்டாம், டூத்பிரஷ் போதும். எஸ்டேட் ஓனர் கிட்ட கேட்டுட்டு காப்பித் தோட்டத்துக்கு நடுவுல ஓடற ஓடையில உக்காந்து (ஃபாரஸ்ட் எல்லைக்குள்ளன்னா வனத்துறை அனுமதி இல்லாம தண்ணில கை வைக்காதீங்க) ஒவ்வொரு கல்லா எடுத்து ட்ரேல வச்சு தேச்சுக்கிட்டு இருந்தேன், அங்க காப்பிப்பழம் பறிக்க வந்த ஒரு பாட்டி கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏங்கண்ணு, கல்லுக்கு பல்லு வெளக்கி வுடறியா"ன்னுச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் க்ளாஸ்ல என் பேரே பல்லு வெளக்கிதான்.

லேப்ல அந்தக் காப்பி கலர் தண்ணிய நைட்ரிக் ஆசிட்ல கொதிக்க வைப்போம், உயிருள்ள பகுதி எல்லாம் கரைஞ்சு போயிடும், ஓடு மட்டும் நிக்கும். ஆசிட் வாடை போற வரைக்கும் கழுவிக் கழுவி, அடியில வெள்ளையா மாவு மாதிரி படியும். அதுல ஒரு சொட்டு கவர் ஸ்லிப்ல காயவிட்டு நாஃப்ராக்ஸ்னு ஒரு பிசின்ல பதிக்கணும். தண்ணில வச்சே பாக்கலாமேன்னு கேப்பீங்க. சிலிக்காவோட ஒளிவிலகல் எண் 1.45 பக்கம், தண்ணி 1.33, அதனால ஓட்டுல இருக்கிற மெல்லிய கோடுங்க மங்கலாத்தான் தெரியும், நாஃப்ராக்ஸ் 1.7க்கு மேல, அந்த வித்தியாசத்துல ஒவ்வொரு கோடும் பேனால போட்ட மாதிரி எழும்பி நிக்கும். முதல் தடவை 100 எக்ஸ் ஆயில் லென்ஸ்ல பாத்தப்ப நான் சாப்பிடப் போகவே மறந்துட்டேன்.

அப்படி பாத்துட்டு இருந்தப்பதான் நம்ம ஆளு சிக்கினான். கோம்போனிமா ஜாதி, ஒரு முனை அகலம் ஒரு முனை ஒடுக்கம், கர்லாக்கட்டை மாதிரி இருக்கும். ஆனா இது குட்டையா, கொழுகொழுன்னு, எங்க கிட்ட இருந்த எந்தப் புத்தகத்துப் படத்தோடவும் ஒத்துப்போகல. புது இனம்தான்னு முடிவே பண்ணிட்டேன், நோட்டுல "கோம்போனிமா சேர்வராயென்சிஸ்"னு எழுதிட்டு கைடு மேடம் கிட்ட ஓடினேன். மேடம் பாத்ததும் சொன்னது, "னிமான்னு முடிஞ்சா கிரேக்கத்துல அஃறிணைப் பால்டா, சேர்வராயென்ஸேன்னு வரணும்." பேர்லயே கிராமர் தப்பு. ரெண்டாவதா ஒண்ணு கேட்டாங்க, அதுலதான் காலி. "இந்தக் குட்டையும் அதே ஸ்லைடுல இருக்கிற அந்த நெட்டையும், நடுவுல இருக்கிற சைஸை எல்லாம் அளந்தியா?"

இங்கதான் சோப்பு டப்பா கதை வருது. டயாட்டம் ரெண்டா பிரியும்போது ஆளுக்கு ஒரு பாதி எடுத்துக்கும், ரெண்டுமே தன் கிட்ட இருக்கிற பாதிய மூடியா வச்சுக்கிட்டு உள்ள புதுசா ஒரு அடிப்பாதி கட்டும். அப்ப அடிப்பாதிய எடுத்துட்டுப் போனவன் குடும்பம் தலைமுறைக்கு தலைமுறை சின்னதாகிட்டே போகும், ஒரு கட்டத்துல பாலினப்பெருக்கம் நடந்து திரும்ப பழைய பெரிய சைஸுக்கு வரும். 1869-லயே எழுதி வச்சுட்டாங்க இதை, நானும் பரிட்சைக்கு படிச்சு மார்க் வாங்கினவன்தான், லென்ஸ்ல பாக்கும்போது மறந்து போச்சு. சுருங்கும்போது நீளம்தான் வேகமா குறையும், அகலம் அவ்வளவா குறையாது, அதனால நெட்டை ஆளு பேரன் காலத்துல குட்டை குண்டனா ஆயிடுவான். ஆனா 10 மைக்ரானுக்கு (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) எத்தனை கோடுங்கறது பெருசா மாறாது. உக்காந்து அறுபது ஓடு அளந்தேன், நெட்டைக்கும் குட்டைக்கும் நடுவுல எல்லா சைஸும் வரிசையா இருந்துச்சு, கோடு எண்ணிக்கையும் ஒண்ணுதான். ஊர்ல ஏற்கனவே பேர் இருக்கிற ஆளோட கடைக்குட்டிக்கு நான் புதுசா பேர் வச்சிருக்கேன்.

நெஜமாவே புதுசுன்னா? கண்டுபிடிக்கறது கம்மி வேலைங்க, பழசு இல்லைன்னு நிரூபிக்கறதுதான் வேலையே. நம்ம நாட்டுல ஹெச்.பி. காந்தின்னு ஒரு காலேஜ் வாத்தியார், 1950-கள்ல இருந்து வெறும் லைட் மைக்ரோஸ்கோப்பும் கைப்படமுமா முந்நூறு புது டயாட்டம் அளவுக்கு விவரிச்சுட்டுப் போயிருக்கார். ஜாவா, சுமத்ரா டயாட்டம் எல்லாம் ஹுஸ்டெட்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர் 1937-39ல ஜெர்மன்ல எழுதினது, அவர் ஸ்லைடுங்க பிரெமர்ஹாஃபென்ல இருக்கு. நம்மளோட ஆளு இவங்க யாருக்கும் சிக்காதவன்னு காட்டணும், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல துளை, கோடு எல்லாம் படம் பிடிக்கணும், ஒரு ஸ்லைடை "இதுதான் அசல்"னு ஹோலோடைப்பா ஹெர்பேரியத்துல (தாவர மாதிரிகளைப் பத்திரமா வைக்கிற இடம்) ஒப்படைக்கணும், விவரணைய முறையா பிரசுரிக்கணும். முன்னாடி லத்தீன்ல எழுதியே ஆகணும், 2012 ஜனவரி 1ல இருந்து இங்கிலீஷும் செல்லும். தமிழ் செல்லாது, அது என் தனி வருத்தம்.

இவ்வளவும் தாண்டி வந்ததுக்கு நம்ம பக்கத்து உதாரணம் இண்டிகோனிமா. புனே அகர்கர் இன்ஸ்டிட்யூட்காரங்க கிழக்குத் தொடர்ச்சி மலை ஆத்துல எடுத்தது, நம்ம சேர்வராயனும் அதே தொடர்தான். கோம்போனிமாவுல ஒட்டுப்பசை விடற துளைக்கூட்டம் கால் முனையில மட்டும் இருக்கும், இதுல தலையிலயும் இருக்கு, அதனால இனம் என்ன, பேரினமே புதுசுன்னு ஆச்சு. இதை எல்லாம் பாக்கறப்ப எனக்கு இன்னமும் லேசா வயிறு எரியும், ஒத்துக்கறேன்.

ஆசைன்னா நீங்களும் பாருங்க. ஆசிட் எல்லாம் வீட்ல வேண்டாம், உயிரோட பாத்தாலே தங்கப் பழுப்புல அழகா நகரும். ஜனவரி பிப்ரவரில போங்க, அடைமழை முடிஞ்ச கையோட போனா ஒண்ணும் கிடைக்காது, கல்லுக்கெல்லாம் வெள்ளமே பல்லு வெளக்கிட்டுப் போயிருக்கும்.